வாங்கும் எண்ணம் இல்லாமல் டெஸ்ட் டிரைவ் கேட்பது முறையா?

சாலைப்பித்தன்:

அனைவருக்கும் வணக்கம். கார்கள் மீது எனக்குச் சிறு வயதிலிருந்தே தீராத ஈடுபாடு உண்டு. புதிய மாடல் ஒன்று வெளிவந்தால், அதைப் பற்றிய விமர்சனங்களைப் படிப்பதோடும் காணொளிகளைப் பார்ப்பதோடும் என் மனம் அடங்குவதில்லை. ஷோரூமுக்கு நேரில் சென்று, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, வாய்ப்புக் கிடைத்தால் ஒரு சுற்று ஓட்டியும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றும். இப்போது என்னிடம் இருக்கும் கார் நன்றாகவே ஓடுகிறது. அதன் கடன் முடியும்வரை வேறொன்றை வாங்கும் நிலையில் நான் இல்லை. அப்படியிருந்தும் அவ்வப்போது ஷோரூம்களுக்குச் சென்று வருகிறேன். கேட்டால் மறுக்காமல் டெஸ்ட் டிரைவும் தருகிறார்கள்.

அண்மையில் உறவினர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. கார் விற்பனையில் நெடுங்காலம் இருந்த என் மைத்துனர், நான் பொழுதுபோக்காகச் செலவிடும் ஒரு மணி நேரம் அங்கே நிற்கும் விற்பனையாளரின் வருமானத்திலிருந்து எடுக்கப்படுவது என்றும், வாங்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே ஓட்டக் கேட்பது அவர் வயிற்றில் அடிப்பதற்குச் சமம் என்றும் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

என் குழப்பம் இதுதான். வந்து ஓட்டிப் பாருங்கள், வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்று விளம்பரத்தில் அழைப்பது நிறுவனமேதான். அழைப்பை ஏற்றுச் சென்றவனை எப்படிக் குறை சொல்ல முடியும்? மேலும், இன்று வாங்காவிட்டாலும் என்றாவது ஒரு நாள் நானும் வாங்கத்தானே போகிறேன்? இன்னொரு பக்கம், என் ஆர்வத்துக்கான விலையை முகம் தெரிந்த ஒரு மனிதர் கொடுக்கிறார் என்றால் அதை அலட்சியம் செய்யவும் மனம் ஒப்பவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களும், வாங்குபவர்களாக மட்டுமே இருப்பவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முன்வரிசை:

விற்பனைத் தளத்தில் நிற்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மைத்துனர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அந்த உண்மை முழுமையாகத் தெரிவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான ஷோரூம்களில் விற்பனையாளரின் வருமானம் இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று நிலையான சம்பளம். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். மற்றொன்று டெலிவரி ஆகும் ஒவ்வொரு காருக்கும் கிடைக்கும் ஊக்கத்தொகை. மாத இலக்கை எட்டினால் அதற்கு மேலும் ஒரு தொகை வரும். மாதம் முடிந்த மறுநாள் எங்கள் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சென்ற மாதம் எத்தனை கார்கள் கொடுத்தோம் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இத்துடன் முறை வைத்துக் கவனிக்கும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. பல இடங்களில், கதவைத் திறந்து உள்ளே வருபவரை யார் கவனிப்பது என்பது வரிசைப்படி தீர்மானிக்கப்படுகிறது. உங்களை நான் அழைத்து அமர வைத்தால், அந்தச் சுற்றில் என் முறை முடிந்துவிட்டது. உங்களுக்குப் பின்னால் பணத்தோடும் முடிவோடும் வருபவர் அடுத்து நிற்கும் சக ஊழியருக்குப் போய்விடுவார். ஆகவே எங்கள் நேரம் வீணாகிறது என்று சொல்வதைவிட, எங்கள் முறை போய்விடுகிறது என்று சொல்வதுதான் சரியாக இருக்கும். நேரத்தை எப்படியாவது ஈடுகட்டிக்கொள்ளலாம். போன முறையை அன்று மாலைக்குள் திரும்பப் பெறுவதற்கு வழியே இல்லை.

டெஸ்ட் டிரைவ் என்பது ஓட்டுபவருக்குப் பதினைந்து நிமிடம். எங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். டெமோ கார் பெரும்பாலும் பின்பக்கம் நான்கைந்து வண்டிகளுக்கு நடுவே நிற்கும். பதிவேட்டில் கையெழுத்திட்டுச் சாவி வாங்கி, குறுக்கே நிற்பவற்றை நகர்த்தி, அதை வெளியே எடுக்க வேண்டும். வாடிக்கையாளரின் ஓட்டுநர் உரிமத்தைச் சரிபார்த்து நகலெடுத்து, படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். முன்பு ஓட்டியவர் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போன இருக்கையை முன்னால் இழுத்து, பக்கக் கண்ணாடிகளைத் திருப்பி, அவர் இணைத்துவிட்டுப் போன செல்பேசியைத் திரையிலிருந்து நீக்க வேண்டும். பிறகு பக்கத்து இருக்கையில் அமர்ந்து, கிளட்ச் பழகாமல் வண்டி குலுங்கும்போதும், முன்னால் செல்லும் வாகனத்துக்கு மிக அருகில் போய் அவர் பிரேக் பிடிக்கும்போதும் முகத்தில் எதையும் காட்டாமல், சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசிக்கொண்டே வர வேண்டும். திரும்பி வந்ததும் கிலோமீட்டரைக் குறித்து, வண்டியைத் துடைத்து, பழைய இடத்தில் நிறுத்த வேண்டும். எல்லாம் முடியும்போது ஒரு மணி நேரம் கடந்திருக்கும்.

அதோடும் விடுவதில்லை. உங்கள் பெயரும் எண்ணும் கணினியில் ஏறிய கணத்திலிருந்து நீங்கள் ஓர் என்கொயரி. ஃபாலோ அப் அழைப்புகளை நான் குறித்த நாட்களில் செய்தேனா என்று மேலாளர் பார்ப்பார். டெஸ்ட் டிரைவ் கொடுத்தவர்களில் எத்தனை பேர் புக்கிங் செய்தார்கள் என்ற விகிதம் என் பெயருக்கு எதிரே எழுதப்படும். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் அந்தக் கணக்கில் சேரும்போது என் விகிதம் குறைகிறது. இவரை ஏன் இழந்தீர்கள் என்று வாராந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கவே வராத ஒருவரை நான் எப்படி இழந்திருக்க முடியும் என்று கேட்பதற்கு அங்கே இடமில்லை.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். விடுமுறை நாள் ஒன்றின் மாலை, கூட்டம் நிறைந்திருந்த நேரம். ஓர் இளைஞர் வந்து, இந்த வாரத்துக்குள் முடிவு செய்துவிடுவேன் என்று உறுதியாகச் சொல்லி, நெடுஞ்சாலைவரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அழைத்துச் சென்றேன். வழியில் தன் நண்பரைக் காணொளி அழைப்பில் கூப்பிட்டு, நாளை வேறொரு காரை ஓட்டப் போவதாகவும் வாங்கும் திட்டம் எதுவும் இல்லை என்றும் என் முன்னிலையிலேயே சொன்னார். நாங்கள் திரும்பியபோது, பலமுறை வந்து பேசி, நிறம்வரை தீர்மானித்துவிட்டுப் போயிருந்த ஒரு குடும்பம் முன்பணம் கட்டிவிட்டு எழுந்துகொண்டிருந்தது. நான் இல்லாததால் வேறொருவர் ரசீது போட்டிருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்து, உங்களைத் தேடினோம், காணவில்லையே என்று வருத்தத்துடன் சொன்னார்.

இருந்தாலும், எண்ணம் இல்லாமல் வருகிற எல்லோரையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். காரை உண்மையாக நேசிப்பவர்களோடு பேசுவது இந்த வேலையில் கிடைக்கும் அரிய மகிழ்ச்சிகளில் ஒன்று. இப்போது வாங்கவில்லை, பார்க்க மட்டும் வந்தேன் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுபவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் நானே பானெட்டைத் திறந்து காட்டுவேன். கூட்டம் இருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்வேன். அதைத் தீர்மானிக்கும் உரிமை என் கையில் இருக்கிறது. பொய் சொல்லி வருபவர் என்னிடமிருந்து எடுத்துக்கொள்வது அந்த உரிமையைத்தான்.

மாற்றுப்பாதை:

முன்வரிசை அவர்களின் பதிலை மரியாதையோடு படித்தேன். அவருடைய சிரமத்தை மறுக்க மாட்டேன். ஆனால் இந்த விவாதம் வாடிக்கையாளரின் ஒழுக்கத்தைப் பற்றிய விசாரணையாக மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டெஸ்ட் டிரைவ் நமக்குச் செய்யப்படும் உபகாரம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். அது விற்பனைக் கருவி, அதுவும் மிக வலிமையான கருவி. ஒரு பொருள் நம் கைக்கு வந்ததும் நம் கண்ணில் அதன் மதிப்பு உயர்ந்துவிடுகிறது என்பதை ரிச்சர்ட் தேலர் என்ற பொருளியலாளர் 1980இல் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டினார். பின்னர் 1990இல் அவரும் டேனியல் கானமன், ஜாக் நெட்ச் ஆகியோரும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குக் கோப்பைகளைக் கொடுத்து, அவற்றை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை இல்லாதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். வைத்திருந்தவர்கள் சொன்ன விலை, வாங்க வேண்டியவர்கள் சொன்ன விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. பொருளைச் சொந்தமாக்கிக்கொள்ளாமல் வெறுமனே தொட்டுப் பார்த்தாலே அது தன்னுடையது என்ற உணர்வு கூடுகிறது என்று ஜோன் பெக், சூசன் ஷூ ஆகிய இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு சுற்று வருவது தொடுவதைக் காட்டிலும் எவ்வளவு பெரிய அனுபவம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

வாடிக்கையாளரைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க அழைப்பதன் காரணம் இதுதான். எண்ணம் இல்லாமல் உள்ளே வருகிறவரை எண்ணம் உள்ளவராக மாற்றுவதற்காகவே ஷோரூம் இருக்கிறது. அந்த முயற்சி சிலரிடம் பலிக்கிறது, பலரிடம் பலிப்பதில்லை. பலித்தால் லாபம், பலிக்காவிட்டால் வந்தவர் குற்றவாளி என்று சொல்வதை ஏற்க முடியாது.

எண்ணம் என்பதும் அவ்வளவு துல்லியமாக அளந்து சொல்லக்கூடியது இல்லை. பழைய கார் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று தெரியாமல் இருப்பவர், வீட்டில் இன்னும் பேசி முடிக்காதவர், சம்பள உயர்வு வருமா என்று காத்திருப்பவர், இவர்களில் யாருக்கு எண்ணம் இருக்கிறது, யாருக்கு இல்லை? இந்தப் பேச்சினால் பாதிக்கப்படப் போவது யார் என்பதுதான் என் கவலை. பொய் சொல்லத் துணிந்தவர் இதைப் படித்தாலும் நாளை போய் ஓட்டத்தான் போகிறார். உண்மையிலேயே வாங்க வேண்டிய, ஆனால் கூச்ச சுபாவம் உள்ள ஒருவர்தான், விற்பனையாளரைத் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்கி, சரியாக ஓட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். முன்பக்கத் தூண் திருப்பத்தில் பாதசாரியை மறைக்கிறதா, தொடைக்குக் கீழே இருக்கை தாங்குகிறதா, குழந்தை இருக்கை பின்னால் உறுதியாகப் பொருந்துகிறதா, மின்சாரக் கார் என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக வேகம் குறைவது தனக்கு ஒத்துவருகிறதா என்பதையெல்லாம் எந்தக் காணொளியும் சொல்லிவிடாது. பல ஆண்டுகள் கடன் கட்டப் போகிறவர் இரண்டு முறை, மூன்று முறை ஓட்டிப் பார்ப்பதில் தவறே இல்லை. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதிலும் தவறில்லை.

கணக்காயன்:

இரு தரப்பும் சொல்வது சரியாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அழைப்பு விடுப்பவர் ஒருவர், அதன் செலவைச் சுமப்பவர் வேறொருவர். விளம்பரம் செய்வது கார் தயாரிப்பாளர். டெமோ காரின் தேய்மானத்தையும் எரிபொருளையும் காப்பீட்டையும் ஏற்பது பெரும்பாலும் டீலர். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுப்பது ஊக்கத்தொகையை நம்பி வாழும் ஊழியர். சாலைப்பித்தன் அவர்கள் முதலாமவரின் அழைப்பைக் காட்டி நியாயம் கேட்கிறார். மைத்துனர் மூன்றாமவரின் இழப்பைக் காட்டிக் கோபப்படுகிறார்.

பொருளியலில் இது பழைய சிக்கல். விற்பனைக்கு முன்பு கடைக்காரர் இலவசமாகத் தரும் விளக்கம், செயல்முறைக் காட்சி போன்ற சேவைகளை ஒரு கடையில் பெற்றுக்கொண்டு, அவற்றைத் தராததால் மலிவாக விற்க முடிகிற மற்றொரு கடையில் போய் வாங்குவோரைப் பற்றி லெஸ்டர் டெல்சர் 1960இலேயே விரிவாக எழுதினார். அப்படி நடந்தால் நாளடைவில் எந்தக் கடையும் அந்தச் சேவைகளைத் தராது என்பது அவர் வாதத்தின் சாரம். இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், ஆர்வத்தினால் வந்து ஓட்டிவிட்டுப் போகிறவர் பெரிய பாரமாகத் தெரியவில்லை. ஒரு ஷோரூமில் எல்லாவற்றையும் கேட்டு, ஓட்டி, குறிப்பெடுத்துக்கொண்டு, அந்த விற்பனையாளர் கொடுத்த கொட்டேஷனையே கையில் பிடித்துக்கொண்டு அடுத்த ஷோரூமில் கூடுதல் தள்ளுபடி கேட்பவர்தான் பெரிய பாரம். அவருக்கு வாங்கும் எண்ணம் முழுமையாக இருக்கிறது. முதல் ஆளிடம் வாங்கும் எண்ணம் மட்டும்தான் இல்லை. நம்மில் பலர் இதைச் சாமர்த்தியம் என்று பாராட்டிக்கொண்டே, ஆசைக்கு ஓட்டிப் பார்ப்பவரை மட்டும் கண்டிக்கிறோம்.

செலவை வேறு விதமாகப் பங்கிட முடியாதா என்றால், முயன்று பார்த்திருக்கிறார்கள். டீலர்கள் இல்லாமல் நேரடியாக விற்கும் டெஸ்லா, 2019 பிப்ரவரியில் விற்பனையை முழுமையாக இணையத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தபோது, வாங்கிய காரை ஏழு நாட்களுக்குள் அல்லது ஆயிரம் மைல்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்றும், அதனால் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை என்ற பொருளிலும் சொன்னது. கடைகளை மூடும் முடிவைச் சில நாட்களிலேயே ஓரளவு பின்வாங்கிக்கொண்டது; திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் 2020இல் நிறுத்திவிட்டது. ஓட்டிப் பார்க்கும் ஆசையை இணையத்தால் எளிதில் ஒழித்துவிட முடியாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

என் கருத்தில், டெஸ்ட் டிரைவுக்கு அழைக்கும் நிறுவனம், அதை நடத்தும் ஊழியருக்குப் புக்கிங் ஆனாலும் ஆகாவிட்டாலும் அந்த நேரத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அல்லது காரை ஓட்டிக் காட்டுவதற்கென்றே, விற்பனை இலக்கு இல்லாத தனி ஊழியரை நியமிக்க வேண்டும். அது நடக்கும்வரை, வாடிக்கையாளர் காட்டும் கண்ணியம் ஒன்றுதான் அந்த ஊழியருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

பழையசாவி:

இதுவரை எல்லோரும் ஷோரூமைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். சொந்தக் காரை நேரடியாக விற்பவர்களின் நிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே மாற்றுப்பாதை அவர்கள் சொல்லும் நியாயம் ஒன்றுகூடப் பொருந்தாது.

இணையத்தில் விளம்பரம் கொடுத்து என் பழைய காரை விற்க முயன்றபோது, வந்தவர்களில் கணிசமானோர் வாங்க வரவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஒருவர் அதே மாடலை ஏற்கெனவே வைத்திருந்தார். தன் வண்டியில் கேட்கும் ஒரு சத்தம் என் வண்டியிலும் கேட்கிறதா என்று அறிய வந்திருந்தார். மற்றொருவர் தன் காருக்கு என்ன விலை சொல்லலாம் என்று கணிக்க வந்தவர். இன்னும் சிலர் அந்த எஞ்சினை ஒருமுறை விரட்டிப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள். இவர்களில் யாரும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, வண்டியைக் கழுவித் துடைத்து, பதிவுச் சான்றையும் சர்வீஸ் ரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

இங்கே டெமோ கார் என்று ஒன்று கிடையாது. இடித்தால் இடிபடுவது என் கார். முன்பின் தெரியாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் என் காப்பீடு செல்லுமா என்பதே பாலிசிக்குப் பாலிசி மாறுகிற கேள்வி. விற்பவர் அதைத் தன் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். சாவியோடு காரைக் கொண்டுபோய்விடும் திருட்டுகளும் நடக்கத்தான் செய்கின்றன. அதனால் எவரையும் தனியாக ஓட்ட அனுப்பக் கூடாது, உரிமத்தைப் பார்க்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது.

உண்மையாக வாங்க வருபவரை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமும் இல்லை. என் காரைக் கடைசியில் வாங்கியவர் வந்ததும் எதுவும் பேசாமல் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறேனா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது, ஏனென்றால் குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போதுதான் புகையும் வால்வுச் சத்தமும் தம்மைக் காட்டிக்கொள்ளும். பிறகு டயர்களின் பக்கவாட்டில் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கங்களைக் குனிந்து படித்தார். ஓட்டம் அவருக்குக் கடைசியில்தான். ஓட்டுவதை முதலில் கேட்பவர்களிடம் நான் இப்போது, ஆவணங்களையும் வண்டியையும் பார்த்து, விலையிலும் ஓரளவு ஒத்துப்போன பிறகு ஓட்டலாம் என்று பணிவாகச் சொல்லிவிடுகிறேன். அதிலேயே பலர் விடைபெற்றுக்கொள்கிறார்கள்.

எனவே சாலைப்பித்தன் அவர்களுக்கு என் வேண்டுகோள்: ஷோரூம் விஷயத்தில் உங்கள் மனம் சொல்கிறபடி செய்யுங்கள். தனி மனிதர்கள் விற்பனைக்கு வைத்திருக்கும் காரை மட்டும் ஆர்வத்துக்காக ஓட்டிப் பார்க்கக் கேட்காதீர்கள். அவர்கள் யாரையும் வேடிக்கை பார்க்க அழைக்கவில்லை.

சாலைப்பித்தன்:

இவ்வளவு பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. தனி மனிதர்களின் கார்களை நான் ஒருபோதும் அப்படிக் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். முறை போய்விடுகிறது என்று முன்வரிசை அவர்கள் சொன்னது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. என் நேரத்துக்கு ஈடாக அவருடைய நேரம் என்றுதான் இதுவரை கணக்குப் போட்டிருந்தேன். மாற்றுப்பாதை அவர்கள் என் பக்கம் பேசியது ஆறுதலாக இருந்தாலும், என் நிலை அவர் குறிப்பிட்ட தயக்கக்காரரின் நிலை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெளிவாகவே தெரியும்.

முன்வரிசை அவர்களிடம் நடைமுறை சார்ந்து இன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வாங்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதுமா? எந்த நேரத்தில் வந்தால் உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது? பெயரும் எண்ணும் கேட்டால் கொடுக்கலாமா, கூடாதா?

முன்வரிசை:

கேட்டதற்கு மகிழ்ச்சி, நண்பரே. வார நாட்களில் முற்பகல் வாருங்கள். விடுமுறை நாட்களையும், மாதத்தின் கடைசி வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அந்த வாரத்தில் நாங்கள் யாரிடமும் சரியாகப் பேசும் மனநிலையில் இருக்க மாட்டோம். உள்ளே வந்ததும் வரவேற்பில் இருப்பவரிடமே, பார்க்க மட்டும் வந்திருப்பதாகவும் வாங்க இன்னும் நாள் இருப்பதாகவும் சொல்லிவிடுங்கள். அப்போது பல இடங்களில் யாருடைய முறையும் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். புதிதாகச் சேர்ந்து பயிற்சியில் இருக்கும் இளைஞர்களில் ஒருவரை உங்களோடு அனுப்பவும் வாய்ப்புண்டு. உங்களைப் போல் விவரம் தெரிந்தவரிடம் பேசிப் பழகுவது அவருக்கும் நல்லதுதான்.

கார்களை வரிசையாக நிறுத்தி வருகிறவர்களுக்கெல்லாம் ஓட்டக் கொடுக்கும் நிகழ்ச்சிகளை நிறுவனங்கள் அவ்வப்போது நடத்துகின்றன. அங்கே தயங்காமல் போங்கள். ஒரு மாடலை உண்மையாகவே அறிய வேண்டும் என்றால், கிடைக்கும் இடத்தில் அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது எங்கள் பதினைந்து நிமிடச் சுற்றைவிட எவ்வளவோ மேல். யாரும் பக்கத்தில் அமர்ந்து பேசிக்கொண்டே வர மாட்டார்கள்.

பெயரையும் எண்ணையும் பொறுத்தவரை, ஓட்டுவதாக இருந்தால் காப்பீட்டுக்காகக் கொடுத்தே ஆக வேண்டும். எப்போது வாங்குவீர்கள் என்று படிவத்தில் கேட்கும் இடத்தில் உண்மையான காலத்தையே எழுதுங்கள். இந்த மாதம் என்று எழுதினால் நான் உங்களை நாள்தோறும் அழைக்க வேண்டியிருக்கும், அடுத்த ஆண்டு என்று எழுதினால் கணினி என்னை அடுத்த ஆண்டுதான் கேட்கும். கொட்டேஷன் மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பழைய காருக்கு எக்ஸ்சேஞ்சில் என்ன கிடைக்கும் என்று மதிப்பிடவும் சொல்லாதீர்கள். அதற்கு இன்னொருவர் தன் வேலையை விட்டுவிட்டு வெயிலில் வந்து உங்கள் காரைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.